"அலகு இல்லை" என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் போன கிழமை வந்த விஞ்ஞான மாதிரி வினா விடையில் ஒரு கேள்வி இருந்தது. அடர்த்திக்கும் சாரடர்த்திக்கும் உள்ள வேறுபாடு யாது? கீழே விடை: அடர்த்திக்கு அலகு உண்டு, சாரடர்த்திக்கு அலகு இல்லை. அவ்வளவுதான். ஒரு கனவளவுக்குள் எவ்வளவு திணிவு அடங்கியிருக்கிறது என்பது அடர்த்தி, அது தண்ணீரின் அடர்த்தியைப் போல எத்தனை மடங்கு என்பது சாரடர்த்தி. பிழையான விடை என்று சொல்ல வரவில்லை, அப்படி எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளி போடத்தான் வேண்டும். ஆனால் அந்த விடையை அப்படியே பாடமாக்கிய ஒரு பிள்ளை என் வீட்டிலேயே இருக்கிறாள், அவளால் வந்த கதைதான் இது. கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் ஆர்க்கிமிடீசை வெட்டுங்கள், பேனையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் வாத்தியார் இல்லை. திருகோணமலையில் ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். போத்தல் கழுவி, முகவை துடைத்து, பின்வரிசையில் நின்றபடி ஒரே பாடத்தை வருசத்துக்கு வருசம் கேட்டவன். அப்படிக் கேட்கிறவனுக்கு ஒரு வசதி, எந்த இடத்தில் பிள்ளைகளின் முகம் மாறுகிறது என்று தெரியும். வாத்தியார் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பேத்தி இப்போது தரம் 10. அன்றைக்குக் குசினியில் தாய் மீன் பொரித்துக்கொண்டிருக்க, இவள் மேசையில் கொப்பியை விரித்து வைத்து ஒரு கணக்குச் செய்தாள். 50 கன சென்ரிமீற்றர் தேங்காயெண்ணெயின் திணிவு 46 கிராம், அடர்த்தி என்ன? டக்கென்று 0.92 என்று போட்டு, அலகும் எழுதி, கீழே கோடும் இழுத்துவிட்டாள். சரி, கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், "தண்ணிக்கும் எண்ணெய்க்கும் எதுக்குப் பிள்ளை அடர்த்தி கூட?" அவள் தலையே நிமிர்த்தவில்லை. "எண்ணெய்க்குத்தான் அம்மப்பா, அதுதானே கட்டியா இருக்கு."

அவள் எழுதிய 0.92 அவளுடைய விரலுக்குக் கீழேயே இருந்தது. தண்ணீருக்கு 1 என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் ஒன்று கணக்கு, மற்றது குசினி. இரண்டுக்கும் நடுவில் யாரும் கதவு வைக்கவில்லை.

இதில் பாதிக் குற்றம் சொல்லின் மீதுதான் என்று எனக்குப் படுகிறது. அடர்த்தியான கூந்தல் என்கிறோம், அடர்த்தியான காடு என்கிறோம், குழம்பு தண்ணியாக இல்லாமல் அடர்த்தியாக இருக்கிறது என்றும் சொல்கிறோம். பிள்ளை அந்தச் சொல்லை வீட்டிலிருந்துதான் வகுப்புக்குக் கொண்டுவருகிறது. எண்ணெய் மெதுவாக வழிகிறது, கையில் ஒட்டுகிறது, ஆகவே அடர்த்தி கூட. மெதுவாக வழிவது பாகுநிலை, அது வேறு சங்கதி, அதற்கும் ஒரு கனவளவுக்குள் எவ்வளவு திணிவு அடங்கியிருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வசனம், ஒரே ஒரு வசனம், வகுப்பில் சொல்லிவிட்டால் போதும். நான் நின்று கேட்ட அத்தனை வருசத்தில் அதைச் சொன்னவர் ஒருவரோ இருவரோதான்.

சாரடர்த்தி என்ற சொல்லுக்கு வேறு கதை. நாங்கள் படித்த காலத்தில் அது தன்னீர்ப்பு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ஒப்படர்த்தி என்று வரும். தன்னீர்ப்பு என்ற சொல்லைப் பாதிப் பிள்ளைகள் 'தண்ணீர்ப்பு' என்று எழுதுவார்கள், வாத்தியார் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். எனக்கு அந்தப் பிழை நல்ல பிழையாகவே தெரிந்தது. தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்க்கிற எண்ணுக்குத் தண்ணீர்ப்பு என்று பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதுதான் இங்கே முழு விசயமும். ஒரு போத்தலை வெறுமையாக நிறுங்கள், தண்ணீர் நிரப்பி நிறுங்கள், தண்ணீரைக் கொட்டி நன்றாக உலர்த்தி எண்ணெய் நிரப்பி நிறுங்கள். எண்ணெயின் திணிவைத் தண்ணீரின் திணிவால் பிரித்தால் சாரடர்த்தி வந்துவிடும். போத்தலின் கனவளவு என்னவென்று நமக்குத் தெரியவே வேண்டாம், ஏனென்றால் இரண்டு தடவையும் அதே போத்தல். நீங்கள் கிராமில் நிறுக்கலாம், இறாத்தலில் நிறுக்கலாம், கடைக்காரரின் பழைய தராசில் ஆணியை எண்ணிப் போட்டுக்கூட நிறுக்கலாம், வருகிற எண் மாறாது. அடர்த்தி அப்படியில்லை. தண்ணீரின் அடர்த்தியைக் கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம் என்றும் சொல்லலாம், கனமீற்றருக்கு 1000 கிலோகிராம் என்றும் சொல்லலாம், கன அடிக்கு 62.4 இறாத்தல் என்றும் சொல்லலாம், ஆளுக்கு ஆள் எண் வேறு. இரசத்தின் சாரடர்த்தி 13.6 என்றால் எந்த ஊர்க்காரனுக்கும் 13.6, தங்கத்துக்கு 19.3 என்றால் 19.3. "அலகு இல்லை" என்று பிள்ளை எழுதுகிற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு சௌகரியம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அலகு இல்லை என்று மட்டும் சொன்னால் என்னவோ ஒரு குறைபாடு மாதிரிக் கேட்கிறது.

ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து எழும்பி ஓடிய கதையை எல்லா வாத்தியாரும் சொல்வார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆடை இல்லாமல் ஓடியது மட்டும் ஞாபகம் இருக்கும், கிரீடம் மறந்துபோகும். அந்தக் கதையை நமக்குச் சொன்ன ரோமானியக் கட்டிடக்கலைஞர் விற்றுவியசே ஆர்க்கிமிடீசுக்கு ஏறக்குறைய 200 வருசம் பிந்தியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், சரி அதை விடுங்கள்.

நம்முடைய ஊரை எடுங்கள். இந்தப் பாடத்துக்கு இலங்கையில் இதைவிடத் தோதான ஊர் இருக்குமா தெரியவில்லை. எங்கள் ஆய்வுகூட மேசையில் நான் ஒரே அளவு இரண்டு பிளாஸ்ரிக் போத்தல் வைத்திருந்தேன். ஒன்றில் நிலாவெளிக் கடற்கரையின் வெள்ளை மணல், மற்றதில் புல்மோட்டைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்து தந்த கறுப்பு மணல். முதலில் வெள்ளையைத் தூக்கச் சொல்லுவேன், அப்புறம் கறுப்பை. தூக்குகிற பிள்ளையின் கை ஒரு கணம் மேசையோடு தங்கிவிடும், பிறகு முகத்தில் ஒரு திடுக்கிடல். சாதாரண மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதன் சாரடர்த்தி 2.65. கறுப்பில் இருப்பது இல்மனைற்று என்ற கனிமம், அது 4.7ஐ ஒட்டி. கூடவே ரூட்டைல், சேர்க்கன் எல்லாம் 4க்கு மேலே. அலை கரையில் ஏறி இறங்கும்போது இலேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, பாரமானது கரையிலேயே தங்கிவிடுகிறது. புல்மோட்டை மணல் ஆலையிலும் முதலில் நடப்பது இதே வேலைதான், சுருள் வாய்க்காலில் மணலையும் தண்ணீரையும் ஓடவிட்டு இலேசானதை வெளிப்பக்கமாகவும் பாரமானதை உள்பக்கமாகவும் பிரிப்பார்கள், அதற்குப் பிறகுதான் காந்தமும் மற்றதும்.

ஒரு தரம் ஒரு பெடியன் கேட்டான், "மணலுக்கு இடையில காத்து இருக்கே, அப்ப போத்தலைத் தூக்கிப் பார்க்கிறது மணலின்ர அடர்த்தியா?" வகுப்பில் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். வாத்தியார் நல்லவர், கோபிக்கவில்லை. அளவுச்சாடியில் 100 கன சென்ரிமீற்றர் உலர்ந்த மணலும் இன்னொன்றில் 100 கன சென்ரிமீற்றர் தண்ணீரும் எடுத்து ஒன்றுக்குள் ஒன்றை ஊற்றினோம். 200 வரவில்லை, 160ஐ ஒட்டி நின்றது. அந்தக் காணாமல்போன 40தான் காற்று இருந்த இடம். அன்றைக்குக் கரும்பலகையில் ஒன்றுமே எழுதவில்லை, பாடம் முடிந்தபோது மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

நிலாவெளி உப்பளத்தைக் கடந்து போகிற பிள்ளைகளுக்கு அங்கேயும் சாரடர்த்திதான் ஆட்சி செய்கிறது என்று தெரியாது. உப்பு விளைவிப்பதில் உப்புநீரின் அடர்த்தியைச் சொல்ல போமே என்றொரு அளவுகோல் உண்டு, பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஒருவரின் பெயர். கடல்நீர் அதில் 3.5 பாகை அளவில் தொடங்கும், வெயில் குடிக்கக் குடிக்க ஏறும், 25 பாகையைத் தொட்டதும் உப்பு பூக்கத் தொடங்கும், 29ஐ எட்டுமுன் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும். அந்த 25 பாகையைச் சாரடர்த்தியாக மாற்ற 145ஐ 120ஆல் பிரியுங்கள், 1.21 வரும். 145இலிருந்து பாகையைக் கழித்து, கழித்துவந்த எண்ணால் 145ஐப் பிரிப்பது, அவ்வளவே சூத்திரம். அந்தப் பாகையைக் காட்டுவது நீரமானி, திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கிற கருவி. ஒரு நீரமானி ஒரு உப்பளத்தையே நடத்துகிறது என்று சொன்னால் மிகையில்லை. தம்பலகாமத்துப் பக்கம் விதைநெல்லை உப்புத்தண்ணீரில் போட்டுச் சாவிநெல்லைப் பிரிப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், அவர்களுக்கு நீரமானி ஒரு கோழிமுட்டை. முட்டை மிதக்கும்வரை உப்புப் போடுவார்கள், பிறகு நெல்லைப் போடுவார்கள், மிதக்கிற நெல் சொத்தை.

கொட்டியாரக்குடாவையும் சொல்ல வேண்டும். மகாவலி அங்கேதான் கடலில் விழுகிறது. மாரி வெள்ளம் வரும்போது கலங்கிய ஆற்றுநீர் கடலுக்கு மேலே படலமாகப் பரவி நிற்பதை மூதூர்ப் பக்கம் போய்வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஆற்றுநீர் 1, கடல்நீர் 1.025, இவ்வளவு சின்ன வித்தியாசம் ஒரு ஆற்றையே கடலுக்கு மேல் தூக்கி வைக்கிறது. துறைமுகத்துக்கு வருகிற கப்பலின் விலாவில் வட்டமும் கோடுகளும் வரைந்திருக்கிறதே, அதில் நன்னீருக்கு ஒரு கோடு, வெப்பவலயக் கடலுக்கு ஒரு கோடு என்று தனித்தனியாக இருப்பதும் இதனால்தான். 10,000 தொன் எடையுள்ள கப்பல் ஆற்றுக்குள் புகுந்தால் கடலில் இருந்ததைவிட ஏறக்குறைய 244 கனமீற்றர் அதிகமாகத் தண்ணீரை இடம்பெயர்க்க வேண்டும், ஆகவே தாழும். பிள்ளைகள் பின்னேரம் கடற்கரையில் நின்று அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள், என்னவென்று சொல்ல ஆளில்லை.

வெப்பநிலையைப் பற்றி வினா விடைப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. தண்ணீரின் அடர்த்தி 1 என்பது 4 பாகை செல்சியசில். திருகோணமலையில் 4 பாகைத் தண்ணீர் குளிரூட்டிக்குள் மட்டும்தான். நம் வீட்டுக் குடத்துத் தண்ணீர் 30 பாகையில் 0.9957. சின்ன வித்தியாசம்தான், ஆனால் சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் வேலை செய்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 1000 லீற்றர் டீசல் 15 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடேறினால் 12 லீற்றர் அளவு கூடிவிடும், திணிவில் ஒரு கிராம்கூடக் கூடாது. அதனால்தான் எரிபொருள் அளப்பவர்கள் ஆழக்கோலோடு வெப்பமானியையும் நீரமானியையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள்.

வாயு என்றால் ஒப்பிடுவது தண்ணீரோடு அல்ல, காற்றோடு. சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரம், கசிந்தால் தரையோடு படுத்துக் கிடக்கும். மேல் யன்னலைத் திறந்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கிற வீட்டுக்காரருக்கு இந்தப் பாடத்தை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறபோது ஞாபகம் வருகிற ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1892இல் இங்கிலாந்தின் ரேலி பிரபு 'நேச்சர்' என்ற அறிவியல் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நைதரசனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்த மனிதர் அவர். காற்றிலிருந்து ஒட்சிசன் முதலானவற்றை நீக்கி எடுத்த நைதரசன் லீற்றருக்கு 1.2572 கிராம் வருகிறது, அமோனியா போன்ற சேர்வைகளிலிருந்து எடுத்தால் 1.2505 வருகிறது. வித்தியாசம் 7 மில்லிகிராமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் பரிசோதனைப் பிழை என்று தள்ளியிருப்பார்கள், இரண்டுக்கும் சராசரி எடுத்து விடை எழுதிப் புள்ளியும் வாங்கியிருப்பார்கள். அவர் எனக்குக் காரணம் விளங்கவில்லை, இரசாயனம் தெரிந்த வாசகர்கள் யாராவது சொல்லுங்கள் என்று எழுதினார். 1894இல் அவரும் வில்லியம் ராம்சேயும் சேர்ந்து அந்த 7 மில்லிகிராமுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததைப் பிடித்தார்கள், நைதரசனைவிடப் பாரமான ஆர்கன் என்ற வாயு. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அது, அதுவரை ஒருவருக்கும் தெரியாது. 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு, ஒருவருக்குப் பௌதிகத்துக்கு, மற்றவருக்கு இரசாயனத்துக்கு. அடர்த்தி என்றால் திணிவின் கீழ் கனவளவு, தரம் 8இல் முடிந்துபோன பாடம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இப்போது பேனைக்கு வருகிறேன்.

எண்ணெய் கட்டி என்று சொன்ன பேத்தியோடு வாய்த்தர்க்கம் பண்ணவில்லை. மை முடிந்த போல்பொயின்ற் பேனை ஒன்றை எடுத்து உள்ளே இருந்ததை உருவிவிட்டு, குழலின் அடியில் இரண்டு சின்ன ஆணியைப் போட்டு மெழுகால் அடைத்தேன். மேல் துளைக்கும் ஒரு சொட்டு மெழுகு. உயரமான கிளாசில் தண்ணீர் ஊற்றி விட்டதும் நேராக நின்றது, ஆணியைக் கூட்டிக் குறைத்து 100 மில்லிமீற்றர் தாழும்படி சரிசெய்து அந்த இடத்தில் கோடு போட்டோம். ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கியதும் கோடு தண்ணீருக்கு மேலே எழும்பியது, அது அவள் எதிர்பார்த்ததுதான். அடுத்தது எண்ணெய். விடுவதற்கு முன் கேட்டேன், மேலே நிற்குமா கீழே போகுமா? "மேலதான், இது இன்னும் கட்டி." விட்டோம். கோடு எண்ணெய்க்குள் மூழ்கியே போய்விட்டது. அடிமட்டத்தை வைத்து அளந்தாள், 109 மில்லிமீற்றர்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அடர்த்தி எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் பேனை கூடத் தாழும் என்பதால், நான் 100ஐ 109ஆல் பிரிக்கச் சொன்னேன். 0.92 வந்தது. கொப்பியைப் புரட்டி அவள் போட்ட கோட்டுக்கு மேலே இருந்த 0.92ஐப் பார்த்தாள், கிளாசைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப அலகு எங்க போச்சு அம்மப்பா?" மேலேயும் மில்லிமீற்றர், கீழேயும் மில்லிமீற்றர், எங்கே போகும் என்றேன். அவளே சிரித்துவிட்டாள்.

இதற்கு ஒரு சதம் செலவில்லை. ஆனால் நான் வேலை செய்த பாடசாலையில் கண்ணாடி நீரமானி இரண்டு இருந்தும் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அலுமாரித் திறப்பு என்னிடம்தான் இருந்தது. முன்பு மூன்று இருந்தன. ஒன்று ஒரு பிள்ளையின் கையிலிருந்து விழுந்து உடைந்தது, இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைகிறதே என்று விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது, நான் பதில் எழுதினேன், போதாது என்று இன்னொன்று, அதற்கும் பதில். பொருளின் விலையைவிடத் தாளும் முத்திரையும் கூடச் செலவாகியிருக்கும். அதற்குப் பிறகு மற்ற இரண்டையும் பஞ்சுக்குள் சுற்றிப் பூட்டிவிட்டேன். பரிசோதனை மேசையில் ஆசிரியர் தூக்கிக் காட்டுவார், பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். நான் பயந்தேன், அதுதான் உண்மை. உடைகிற பொருளை உடையாமல் வைத்திருப்பதற்காகப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துகிற அந்தப் பதிவேட்டு முறையை வலயக் கல்விப் பக்கம் இருப்பவர்கள் மாற்றினால் என்னைப் போன்றவர்கள் அலுமாரியைத் திறப்பார்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விசயம். அடுத்த தடவை மாணவர் பக்கத்தில் இந்தப் பாடம் வந்தால் விடையை அச்சடிக்காமல் ஒரு கேள்வியை மட்டும் போடுங்கள். ஒரு கட்டிச் சவர்க்காரத்தைச் சரிபாதியாக வெட்டினால் அதன் அடர்த்தி பாதியாகுமா? சூத்திரத்தை மட்டும் பாடமாக்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஆம் என்று எழுதி அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். திணிவு பாதியாகிவிட்டதே என்பார்கள், கனவளவும் கூடவே பாதியானதைக் காணமாட்டார்கள்.

பேத்தி இப்போது விடுவதாக இல்லை. பேனையைக் கொண்டுபோய்க் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றுத் தண்ணீரிலும் வைத்துப் பார்க்கலாமா, ஒவ்வொன்றுக்கும் சூடு வேறுதானே என்கிறாள். யோசனை சரிதான், ஆனால் தண்ணீர் 30 பாகையிலிருந்து 40 பாகைக்குப் போனால் பேனை தாழ்வது மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான், கோட்டின் தடிப்பே அதைவிடக் கூட. அதற்குத்தான் கண்ணாடி நீரமானியை அடிக்குமிழ் பெருத்து, கழுத்து ஊசி மாதிரி மெலிந்து செய்திருக்கிறார்கள் என்றேன். "எங்கட பள்ளிக்கூடத்தில இருக்கா?" இருக்கும், அலுமாரியில் பூட்டியிருக்கும், திங்கட்கிழமை போய்க் கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர் ஒருவர்,
திருகோணமலை.